சிக்னல் செயலியின் முகம் மங்கலாக்கும் வசதி: விரலுக்கே முதல் மதிப்பெண்

2020 மே மாதம் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் ஜார்ஜ் ஃபிளாய்ட் காவலர் ஒருவரால் கொல்லப்பட்டதை 17 வயதுப் பெண் ஒருவர் தம் கைப்பேசியில் படம்பிடித்தார். காவல்துறையின் முதல் அறிக்கை சொல்லாமல் விட்டதை அந்தக் காணொளி உலகுக்குக் காட்டியது. மறு ஆண்டு, இதழியலுக்கான புலிட்சர் விருதுக் குழுவின் சிறப்புப் பாராட்டும் அவருக்குக் கிடைத்தது. ஆனால் அதையொட்டி எழுந்த ஆர்ப்பாட்டங்களைப் பலரும் படமெடுக்கத் தொடங்கியபோது, சும்மா நின்றவரும் அந்தப் படங்களைக் கொண்டே தேடப்படலாம் என்ற அச்சமும் கூடவே வந்தது. அச்சூழலில்தான், 2020 ஜூனில், செய்திகளையும் படங்களையும் அனுப்ப உதவும் சிக்னல் செயலி முகங்களை மங்கலாக்கும் வசதியைச் சேர்த்தது.

பயன்படுத்துவது எளிது. படத்தை அனுப்புவதற்குமுன் திருத்தும் திரையில் மங்கலாக்கும் குறியைத் தொட்டால், செயலி தானாகவே முகங்களைக் கண்டுபிடித்து மறைக்கிறது. விடுபட்டவற்றை நாம் விரலால் தேய்த்து மறைக்கலாம். இந்த வேலை முழுவதும் கைப்பேசிக்குள்ளேயே நடக்கிறது என்பதும், மறைக்கப்படாத படம் எந்த வழங்கிக்கும் (சர்வர்) போவதில்லை என்பதும் இதன் தலையாய சிறப்பு. கட்டணமும் கிடையாது.

தானியங்கிக் கண்டறிதலை மட்டும் நம்பிவிட வேண்டாம். நேராகப் பார்க்கும் முகங்களைச் செயலி நன்றாகவே பிடிக்கிறது; பக்கவாட்டில் திரும்பியவர்கள், தலை குனிந்தவர்கள், தொலைவில் நிற்பவர்கள் தப்பிவிடக்கூடும். எனக்கு இது பெரிய குறையாகத் தோன்றவில்லை. விரலால் ஒவ்வொருவரையும் தேடித் தேய்க்கும்போதுதான் படத்தின் ஓரத்தில் அழுதுகொண்டிருக்கும் பெண்ணையோ, தந்தையின் தோளில் உறங்கும் குழந்தையையோ எடுத்தவரே முதல் முறையாகக் கவனிக்கிறார். அந்த அரை நிமிடத் தாமதம் செய்தியைக் கெடுத்துவிடுவதில்லை. பச்சை குத்திய கை, வண்டியின் பதிவெண், சட்டையில் தொங்கும் அடையாள அட்டை ஆகியவற்றையும் மறைக்க வேண்டும் என்பது அப்போதுதான் நினைவுக்கு வருகிறது. முகத்தை மட்டும் தேடும் செயலிக்கு இவையெல்லாம் தெரியாது.

மங்கல் என்பதும் முழு மறைப்பு அன்று. டெக்சாஸ், கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல், கட்டம் கட்டமாகச் சிதைத்த முகங்களையும் யூடியூப் மங்கலாக்கிய முகங்களையும், ஏற்கெனவே தெரிந்த முகங்களோடு பொருத்திக் கணினியால் அடையாளம் காண முடியும் எனக் காட்டினார்கள். உயிருக்கு ஆபத்துள்ள இடமானால், அதே திரையில் உள்ள தூரிகையால் கறுப்பு வண்ணத்தை முகத்தின்மேல் அடர்த்தியாகப் பூசிவிடுவதே மேல்.

படத்தோடு ஒட்டிவரும், எடுத்த இடத்தைக் காட்டும் குறிப்பையும் சிக்னல் அனுப்பும்போது நீக்கிவிடுகிறது. இது சிறிய காரியம் அன்று. 2012 டிசம்பரில் தலைமறைவாக இருந்த, வைரஸ் தடுப்பு மென்பொருள் நிறுவனத்தைத் தொடங்கிய ஜான் மெக்காஃபி குவாத்தமாலாவில் இருப்பது, அவரைப் பற்றி வெளியான ஒரு புகைப்படத்தில் பதிந்திருந்த இருப்பிட எண்களால்தான் வெளிப்பட்டது. ஒளித்துவைக்க வேண்டியது முகம் மட்டும்தான் என்று எண்ணுபவர்களுக்கு இந்த ஒரு நிகழ்ச்சி போதும்.

பெரிய குறை வேறொன்று: காணொளியில் முகத்தை மங்கலாக்க இந்த வசதி உதவாது. இன்றைய மக்கள் செய்தியாளர் பெரும்பாலும் காணொளிதான் எடுக்கிறார் என்பதால் இதைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. யூடியூப் 2012 ஜூலையிலேயே காணொளிகளுக்கு முகம் மங்கலாக்கும் கருவியைத் தந்துவிட்டது. ஆயினும் அதைப் பயன்படுத்த மறைக்காத காணொளியை முதலில் அந்நிறுவனத்தின் வழங்கியில் ஏற்றியாக வேண்டும். மறைப்பதற்காக முதலில் ஒருவரிடம் எல்லாவற்றையும் காட்ட வேண்டியிருப்பது விந்தைதான்.

புகைப்படத்துக்கு மட்டுமானால் இந்த வசதியைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஒரு எச்சரிக்கை உண்டு: கைப்பேசியின் வழக்கமான கேமராவில் எடுத்த படத்தைச் சிக்னலில் மறைத்து அனுப்பினாலும், மறைக்காத மூலப்படம் படத்தொகுப்பிலேயே கிடக்கும். கைப்பேசி பறிபோனால் அதுவும் போகும். ஆகவே சிக்னலுக்குள் உள்ள கேமராவிலேயே படம் எடுங்கள். நீங்களாகச் சேமித்தாலன்றி அது படத்தொகுப்பில் இடம்பெறாது.