வீட்டில் செய்யும் ஸ்கீக்குப் படம் அச்சிட மூன்று வழிகள்: எது தேறும், எது தேறாது

பனிச்சறுக்குக்கான ஸ்கீ பலகையை வீட்டிலேயே செய்ய, நடுவில் வரும் மரத்தை (கோர்) சீவி, ஸ்டீல் விளிம்பை வளைத்து, ஃபைபர் கிளாஸை அடுக்கி, பிரஸ்ஸில் ஏற்றும் வரை பொறுமையாக வேலை செய்பவர்கள் கோட்டை விடும் இடம் பெரும்பாலும் மேலே வரும் படம்தான். அச்சு நன்றாகத்தான் இருக்கும். அச்சுக்கு அடியில் என்ன இருக்கிறது, அடுக்குகளை ஒட்டும் எபாக்ஸிப் பிசின் அதற்குள் முழுதாக இறங்கியதா என்பதை யாரும் முன்கூட்டி யோசிப்பதில்லை. வீட்டுப் பட்டறைக்குக் கைக்கெட்டும் வழிகள் மூன்று: சப்ளிமேஷன் அச்சிட்ட டாப்ஷீட், இங்க்ஜெட்டில் அச்சிட்ட மெல்லிய காகிதம், அச்சிட்ட பருத்தித் துணி.

முதலில் டாப்ஷீட். ஸ்கீயின் மேல்முகமாக ஒட்டப்படும், நைலான் அல்லது பிபிடி பிளாஸ்டிக்கில் வரும் மெல்லிய, ஒளி ஊடுருவும் தாள் இது. காபிக் கோப்பையிலும் டி-ஷர்ட்டிலும் படம் போடும் அதே சப்ளிமேஷன்தான். சாயம் ஆவியாகிப் பிளாஸ்டிக்குக்குள் இறங்குகிறது. படம் தாளின் அடிப்பக்கம் இருப்பதால், மலைமேல் ஏற்றும் லிஃப்டில் உரசினாலும் இன்னொரு ஸ்கீயின் விளிம்பு கீறினாலும் மேலே பிளாஸ்டிக்தான் அடி வாங்கும். உழைப்பு என்று பார்த்தால் மற்ற இரண்டும் இதன் பக்கத்தில் நிற்க முடியாது.

ஆனால் டி-ஷர்ட் அச்சிடும் கடையில் கொடுத்தால் இரண்டு இடத்தில் உதைக்கும். ஒன்று சூடு. டி-ஷர்ட்டுக்கு அவர்கள் வைப்பது 190 முதல் 200 டிகிரி செல்சியஸ். தாளில் இருக்கும் நைலான் வகையான நைலான் 12 உருகுவதோ 178 டிகிரி வாக்கில். அந்தச் சூட்டில் தாள் சுருங்கிக் குழைந்துவிடும். சூட்டைக் குறைத்து, நேரத்தைக் கூட்டித்தான் அடிக்க வேண்டும். பிபிடி 220 டிகிரியைத் தாண்டித்தான் உருகும் என்பதால் அதற்கு இந்தச் சிக்கல் இல்லை. எந்த பிளாஸ்டிக் என்று தெரியாத தாளை இயந்திரத்தில் வைக்க விடாதீர்கள். இன்னொன்று கண்ணாடி பிம்பம். சட்டைக்குப் படத்தைத் திருப்பி அச்சிடுவது அவர்களுக்குக் கைப்பழக்கம். டாப்ஷீட்டில் படம் அடிப்பக்கம் ஏறி மேலிருந்து பார்க்கப்படுவதால், படத்தை முதலில் அச்சிட்டுச் சூட்டில் தாளுக்கு மாற்றும் காகிதத்தில் எழுத்து நேராகவே இருக்க வேண்டும். இதைச் சொல்லாமல் விட்டால் ஒரு ஜோடித் தாள் குப்பைக்குத்தான்.

தாளின் ஒரு முகம் பளபளப்பாக இருக்கும், மற்றது எபாக்ஸி பிடிப்பதற்காகச் சொரசொரப்பாக இருக்கும். அச்சு ஏற வேண்டியது சொரசொரப்பான முகத்தில். அச்சான பின் அந்த முகத்தை மறுபடி உப்புத்தாளால் தேய்க்கக் கூடாது. சாயம் ஆழமாக இறங்கியிருக்காது. ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்தால் போதும். நைலான் ஈரத்தை உறிஞ்சும் பொருள். ஈரத்தோடு சூட்டில் வைத்தால் நிறம் திட்டுத்திட்டாக விழும்.

சப்ளிமேஷனில் வெள்ளை மை கிடையாது. படத்தில் வெள்ளையாகத் தெரியும் இடமெல்லாம் உண்மையில் வெறும் கண்ணாடி. அடியில் பாப்லர் கோர் இருந்தால் வெள்ளை மஞ்சளாகும், நீலம் பச்சைப் பக்கம் சாயும். கார்பன் ஃபைபர் போட்டிருந்தால் முழுப் படமும் இருட்டுக்குள் போய்விடும். தாளுக்கு அடியில் வரும் எபாக்ஸியில் மட்டும் வெள்ளை நிறமிக் குழம்பை எடையில் 5 சதவீதத்துக்கு மேல் போகாமல் கலப்பது எளிய தீர்வு. அதற்கு மேல் கலந்தால் எபாக்ஸி இறுகுவதே கெடலாம்.

ஒரே ஒரு ஜோடி செய்பவருக்கு நாங்கள் பரிந்துரைப்பது காகிதம். சர்ஃப் பலகை செய்பவர்கள் தங்கள் முத்திரையைப் பதிக்கப் பல காலமாகப் பயன்படுத்தும் ரைஸ் பேப்பர்தான். சதுர மீட்டருக்கு 30 கிராம் அளவுள்ளது போதும். எபாக்ஸி பட்டதும் காகிதம் மறைந்து மை மட்டும் நிற்கும். சாதாரண 80 கிராம் தாளைப் போடும் ஆசையே வேண்டாம். அதன் நடுவில் எபாக்ஸி இறங்காமல் உலர்ந்த அடுக்கு ஒன்று தங்கிவிடும்; ஸ்கீ நாலு தடவை வளைந்ததும் தாள் அந்த அடுக்கிலேயே இரண்டாகப் பிளக்கும். லேசர் அச்சும் ஆகாது. டோனர் என்பது உருகிய பிளாஸ்டிக், அடர்ந்த நிறமுள்ள இடங்களில் எபாக்ஸியை உள்ளே விடாது. நிறமி மை உள்ள இங்க்ஜெட் நல்லது. சாய மை மலை வெயிலில் சீக்கிரம் வெளுக்கும்.

மெல்லிய தாள் இயந்திரத்தில் சிக்காமலிருக்க முன்முனையைச் சாதாரணத் தாளில் ஒட்டி உள்ளே விடுங்கள். ஏ4 அளவில் அச்சிட்டால் 180 செ.மீ. ஸ்கீக்கு ஏழு துண்டு வரும். ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் கருங்கோடு தெரியும் என்பதால் முனையோடு முனை சேர்க்க வேண்டும். ரோல் அச்சுப்பொறி கிடைத்தால் இந்தத் தொல்லையே இல்லை. மை ஒரு நாள் முழுக்கக் காயட்டும்.

ஒட்டும் முறை முக்கியம். கிளாஸ் துணி நனைந்த பிறகு, அந்த ஈர எபாக்ஸியின் மேல் காகிதத்தை நடுவிலிருந்து இரு பக்கமும் இறக்குங்கள். எபாக்ஸி கீழிருந்து மேலே ஏறினால் காற்று தானாக வெளியேறும். மேலே ஊற்றினால் குமிழி உள்ளேயே மாட்டிக்கொள்ளும். தாள் எங்கும் ஒரே மாதிரி கண்ணாடியாகும் வரை காத்திருங்கள். வெள்ளைப் புள்ளி தெரிந்தால் அங்கே இன்னும் இறங்கவில்லை. அதன் மேல் சதுர மீட்டருக்கு 135 கிராம் கிளாஸ் துணி ஒன்று, பிறகு மெழுகிட்ட மைலார் பிளாஸ்டிக் தாள், பிறகு பிரஸ். ஒரு ஜோடியின் மேற்பரப்பு ஏறத்தாழ 0.4 சதுர மீட்டர்தான். இந்த மேலடுக்குகளுக்கு மட்டும் 150 கிராம் எபாக்ஸி கலந்தால் சேதாரம் போகப் போதும். காகிதத்தை விளிம்புக்கு 4 மி.மீ. உள்ளேயே நிறுத்துங்கள். ஓரம் வரை கொண்டுபோனால் பனி உருகிய நீர் நார் வழியாக உள்ளே ஏறி, படத்தின் ஓரம் பால்போல வெளுக்கும்.

பிரஸ்ஸிலிருந்து எடுத்ததும் மேலே ஊசித்துளைகள் இருக்கும். அவற்றை அடைக்க வெஸ்ட் சிஸ்டம் என்ற எபாக்ஸி பிராண்டின் 105 ரெசினும் (பிசின்) அதை இறுகவைக்கும் 207 ஹார்டனரும் நல்ல சேர்க்கை. கன அளவில் மூன்றுக்கு ஒன்று. அதே ரெசினோடு 205, 206 ஹார்டனர்கள் மூன்றுக்கு ஒன்று அல்ல, ஐந்துக்கு ஒன்று. அவை லேசான தேன் நிறமும் தரும். ஒரே மெல்லிய பூச்சோடு நிறுத்துங்கள், தடித்தால் ஸ்கீ வளையும்போது விரிசல் விடும். எந்த எபாக்ஸியும் வெயிலில் மஞ்சளாகும் என்பதால் மேலே புற ஊதாத் தடுப்பு வார்னிஷ் கட்டாயம்.

துணியைச் சுருக்கமாகவே சொல்லலாம். அமெரிக்காவின் ஸ்பூன்ஃபிளவர் போன்ற சேவைகள் நீங்கள் அனுப்பும் படத்தைப் பருத்தியில் கஜக்கணக்கில் அச்சிட்டுத் தருகின்றன. இரண்டு கஜம் என்பது 183 செ.மீ., எனவே 180 ஸ்கீக்கு இழுபறி. மூன்று கஜம் வாங்குங்கள். பூவேலை, கட்டம், கிறுக்கல் போன்ற வடிவங்களுக்கு அழகாக வரும். நேர்க்கோடும் எழுத்தும் வேண்டாம். துணி இழுபடும், கோடு பாம்பாகும். நனைந்த வேட்டிபோல நிறம் கறுக்கும் என்பதால் படத்தை ஒரு படி வெளிச்சமாக்கி அனுப்புங்கள். துணியும் அது குடிக்கும் எபாக்ஸியுமாக ஜோடிக்கு 150 கிராமுக்கு மேல் எடை கூடும். மேலே ஏறிச் சறுக்கும் டூரிங் ஸ்கீக்கு இது சரிவராது.

எந்த வழியானாலும் படக் கோப்பு முழு அளவில், 150 டிபிஐயில் (அங்குலத்துக்கு 150 புள்ளி) இருக்கட்டும்: 180 செ.மீ.க்கு 10,630 பிக்சல். படம் ஸ்கீயின் வடிவத்தைவிடச் சுற்றிலும் 10 மி.மீ. கூடுதலாக இருக்கட்டும். நடுவில் ஏறக்குறைய அரை மீட்டரை பூட்ஸும் அதைப் பிடிக்கும் பைண்டிங்கும் மறைத்துவிடும், அதுவும் ஸ்கீயின் சரிபாதியில் அல்ல, சற்றுப் பின்னால். முகமோ பெயரோ வைப்பதானால் முன்பக்கத்தில் வையுங்கள். முழுதாக அச்சிடக் கொடுக்கும் முன் அதே தாளில் 30 செ.மீ. துண்டு ஒன்று கேட்டு வாங்கி, நீங்கள் போடப்போகும் கோர் மரத்தின் மேல் அதே எபாக்ஸியில் ஒட்டிப் பாருங்கள். திரையில் பார்த்த நிறம் அதில் வராது; படக் கோப்பை அந்தத் துண்டைப் பார்த்துத்தான் திருத்த வேண்டும்.