ஏழு நாள் முகாமா, வாரம் ஒரு மாலையா?

மென்டார் பொறுப்பைக் கொடுத்து, பிள்ளைகளைக் களத்துக்குக் கூட்டிப் போங்கள் என்று கல்லூரி சொன்னால், பெரும்பாலும் நம் கையில் இருப்பது இரண்டு வழி. ஒன்று, நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் சிறப்பு முகாம். இன்னொன்று, ஒரு செமஸ்டர் முழுக்க வாரத்துக்கு ஒரு மாலை ஒரே ஊருக்குப் போய்வருவது. இரண்டையும் நடத்திப் பார்த்துவிட்டு, எங்கள் பி.காம் பிள்ளைகளுக்கு இரண்டாவதை எடுத்திருக்கிறேன். அதனால் என் தராசு எந்தப் பக்கம் சாயும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முகாமைப் பற்றி அதிகம் விளக்கத் தேவையில்லை. 1969இல் காந்தி நூற்றாண்டையொட்டி 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கிய திட்டம். இரண்டு ஆண்டில் 240 மணி நேரப் பணி, ஒரு சிறப்பு முகாம், கடைசியில் சான்றிதழ். காலையில் துப்புரவு, மரம் நடுதல், மதியம் சிறப்புரை, மாலையில் கலை நிகழ்ச்சி, நடுவில் ஒரு கண் மருத்துவ முகாம், முடிந்தால் ஒரு கால்நடை மருத்துவ முகாம். ஃப்ளெக்ஸ் உண்டு, போட்டோ உண்டு. கல்லூரிகளுக்குத் தர மதிப்பீடு செய்யும் நாக் அமைப்புக்குக் காட்ட நல்ல கோப்பும் தேறும். இதை நான் கிண்டலாகச் சொல்லவில்லை. கோப்பு இல்லாத வேலைக்குக் கல்லூரியில் ஆயுசு குறைவு.

வாராந்தரப் பயணத்தில் நாங்கள் எடுத்துக்கொண்டது மகளிர் சுய உதவிக் குழுக்களின் கணக்கு. வணிகவியல் பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமான களம் எனக்குத் தெரியவில்லை. தமிழ்நாட்டில் இந்தக் குழுக்கள் 1989இல் தர்மபுரியில் தொடங்கியவை. பன்னிரண்டு முதல் இருபது பேர் சேர்ந்து சேமித்து, அந்தச் சேமிப்பிலிருந்தே தங்களுக்குள் கடன் கொடுத்துக்கொள்கிறார்கள். தீர்மானப் புத்தகம், ரொக்கப் புத்தகம், சேமிப்புக்கும் கடனுக்கும் பேரேடு எல்லாம் உண்டு. குழுவை வழிநடத்தும் ஊக்குநரும் பிரதிநிதிகளும் எழுதுகிறார்கள். குழு முறையாக நடந்தால் வாராவாரம் கூடும். நாமும் வாராவாரம் போகலாம். நமக்காக யாரும் தனியாகக் கூட்டம் போட வேண்டியதில்லை.

இரண்டு வழியிலும் அனுபவம் கிடைக்கிறது. நான் தேர்ந்தெடுக்கக் காரணம் ஒன்றே ஒன்றுதான்: யோசித்ததை வைத்து அதே இடத்தில் மறுபடி முயன்று பார்க்க வாய்ப்பு இருக்கிறதா?

அனுபவவழிக் கற்றல் பற்றிப் பேசும் எல்லோரும் அமெரிக்கக் கல்வியாளர் டேவிட் கோல்பின் வட்டத்தைப் படமாகப் போடுவார்கள். முதலில் அனுபவம், அப்புறம் அதைத் திரும்பிப் பார்ப்பது, அதிலிருந்து ஒரு கருத்துக்கு வருவது, அந்தக் கருத்தைச் செய்து சோதிப்பது. முகாமில் முதல் இரண்டும் நன்றாக நடக்கும். மூன்றாவது, ஏழாம் நாள் மாலை நிறைவு விழாவில் மைக் பிடித்து நடக்கும். நான்காவதற்குள் பேருந்து கிளம்பிவிடும். முகாமுக்குள்ளும் மறுநாள் உண்டுதானே என்று கேட்கலாம். உண்டு, ஆனால் மறுநாள் வேறு வேலை. நேற்று வாய்க்கால் தூர்வாரியவர்கள் இன்று பிளாஸ்டிக் ஒழிப்புப் பேரணியில் நடக்கிறார்கள். நேற்றைய யோசனைக்கு இன்று பயன்படும் இடமே இல்லை. அதனால்தான் முகாம் குறிப்பேடுகளில் பெரும்பாலானவை 'மறக்க முடியாத அனுபவம்' என்று ஒரே மாதிரி முடிகின்றன. பிள்ளைகள் பொய் எழுதவில்லை. அனுபவம் மறக்க முடியாததுதான். ஆனால் ஒரு மென்டார் அந்த வரியைப் பிடித்துக்கொண்டு மேலே கேட்க எதுவும் இல்லை.

வாராந்தரப் பயணத்தில் என்ன நடக்கிறது என்பதற்கு ஓர் உதாரணம். ஒரு குழுவில் உள்கடனுக்கு நூற்றுக்கு இரண்டு ரூபாய் மாத வட்டி. எங்கள் மாணவி ஒருத்தி கேட்டதும் மனக்கணக்கு போட்டிருக்கிறாள்: ஆண்டுக்கு 24 சதவீதம். '10,000 ரூபாய் வாங்கினால் பத்து மாதத்தில் 2,000 ரூபாய் வட்டி. இது ஏழைகளைச் சுரண்டுவது' என்று, வாராவாரம் என்னிடம் தரும் நோட்டில் எழுதி, இவர்களுக்கு வங்கிக் கடன் பற்றி விழிப்புணர்வு தர வேண்டும் என்றும் முடித்திருந்தாள். முகாமாக இருந்திருந்தால் அந்த விழிப்புணர்வுக் கூட்டம் மறுநாளே நடந்திருக்கும். அறிக்கையிலும் ஏறியிருக்கும்.

நான் ஓரத்தில் இரண்டே கேள்விகள் எழுதினேன். வட்டி யாருக்குப் போகிறது? அசல் குறையும்போது வட்டி குறைகிறதா? அடுத்த வாரம் அவள் போய்க் கேட்டிருக்கிறாள். "எங்களுக்குத்தாம்மா வருது, வேற யாருக்கு?" என்று குழுவில் இருக்கும் அக்கா ஒருவர் சிரித்துவிட்டுப் பேரேட்டைத் திறந்து காட்டியிருக்கிறார். மாதம் 1,000 அசல் கட்டக் கட்ட, முதல் மாதம் 200, அடுத்த மாதம் 180, அப்படியே இறங்கிப் பத்தாவது மாதம் 20. மொத்தம் 1,100. அதுவும் குழுவின் பொது நிதியில்தான் சேருகிறது. குறையும் நிலுவைக்கு வட்டி போடுவது அவள் பாடத்தில் படித்து, தேர்வில் மார்க்கும் வாங்கிய கணக்குத்தான். ஊரில் பார்த்தபோது அடையாளம் தெரியவில்லை.

அந்த வார நோட்டு வேறு மாதிரி இருந்தது. அவசரத்துக்குக் குழுவில் அன்றைக்கே கிடைப்பதால் வங்கியைவிட இதை விரும்புகிறார்களோ, இல்லை வங்கிக்கு ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் போக வேண்டியிருப்பதாலா என்று அவளே கேள்வி எழுப்பியிருந்தாள். மூன்றாவது வாரத்துக்கு வேலை தானாகக் கிடைத்துவிட்டது. இந்த மூன்று வாரத் தொடர்ச்சியை ஏழு நாள் முகாமுக்குள் எப்படிக் கொண்டுவருவது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

எழுதச் சொல்லும் கேள்விகளும் இதற்கேற்ப மாற வேண்டும். 'இன்று என்ன கற்றுக்கொண்டாய்' என்று கேட்டால் அறிவுரைதான் வரும். நான் கேட்பது மூன்று: போகும்போது என்ன எதிர்பார்த்தாய், அங்கே எது இடித்தது, அடுத்த வாரம் யாரிடம் என்ன கேட்பாய். மூன்றாவது காலியாக இருந்தால் நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். மொழி, நடை, கையெழுத்து எதற்கும் மார்க் கிடையாது. மார்க் வைத்த அன்றைக்கே பக்கத்து நோட்டைப் பார்த்து எழுதத் தொடங்கிவிடுவார்கள். ரெக்கார்டு நோட்டு எழுதிப் பழகிய கை அது.

இனி, இந்த வழியின் செலவு. பணச் செலவு பேருந்துக் கட்டணம்தான். உண்மையான செலவு மென்டாரின் நேரம். இருபது பேருக்கு ஒரு மென்டார் என்று வைத்துக்கொண்டால், ஒரு நோட்டுக்கு ஐந்து நிமிடம் என்றாலும் வாரத்துக்கு 100 நிமிடம். அதையும் அடுத்த பயணத்துக்கு முன்பே முடிக்க வேண்டும். கேள்வி ஒரு வாரம் தாமதித்தால் வாராந்தரப் பயணமும் முகாம் மாதிரிதான், போனோம் வந்தோம் என்று ஆகிவிடும். முகாமில் மென்டாருக்கு அந்த ஏழு நாளும் தூக்கம் இருக்காது, ஆனால் அதோடு முடிந்தது. இங்கே செமஸ்டர் முழுக்க இழுக்கும். இந்த 100 நிமிடத்தை ஒதுக்க முடியாதவர்கள் தயங்காமல் முகாமையே எடுக்கலாம்.

மற்ற தொல்லைகளும் உண்டு. நூறு நாள் வேலைக்கும் வயலுக்கும் போய்விட்டு வரும் பெண்கள் கூடுவதே மாலை ஐந்துக்கு மேல்தான். கடைசிப் பேருந்து, பெண் பிள்ளைகளின் வீட்டு அனுமதி, கடைசி இரண்டு பீரியடுக்கு ஓடி (கல்லூரி வேலையாக வெளியே போவதற்கான வருகைப் பதிவு அனுமதி), இன்டர்னல் தேர்வு வந்தால் விடுபடும் வாரங்கள் என்று ஒவ்வொன்றுக்கும் யாரிடமாவது போய் நிற்க வேண்டும். ஊர்க்காரர்களின் பொறுமைக்கும் எல்லை உண்டு. ஒரு குழுவுக்கு நான்கு பிள்ளைகளுக்கு மேல் அனுப்பினால் கூட்டம் அவர்களுடையதாக இல்லாமல் போய்விடுகிறது.

முகாமுக்கு மட்டுமே உரிய சிறப்பு ஒன்று இருக்கிறது. இரவும் விடிகாலையும். மாலையில் போய் மாலையில் திரும்புகிறவர்கள் குழாயடியில் விடியுமுன் வரிசையாக நிற்கும் குடங்களைப் பார்ப்பதில்லை. ஊருக்கும் காலனிக்கும் நடுவில் இருக்கும் தூரம் இரவில்தான் தெரியும் என்று முகாம் போய்வந்த பிள்ளைகள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். சேர்ந்து சமைத்து, சேர்ந்து பாத்திரம் கழுவி, ஒரே கூடத்தில் படுத்து எழுவது நகரத்திலேயே வளர்ந்த பிள்ளைகளுக்குப் பெரிய விஷயம். எங்கள் கல்லூரியில் பாதிக்கு மேல் கிராமத்திலிருந்து வருகிறவர்கள். அவர்களுக்கு இதில் புதுமை குறைவு, அம்மாவே குழுவில் உறுப்பினர் என்பவர்களும் இருக்கிறார்கள். நகரக் கல்லூரியில் கணக்கு மாறக்கூடும். அங்கே நான் வேலை பார்த்ததில்லை.

தங்குவதும் தொடர்வதும் ஒன்றாகக் கிடைக்கும் வழி வேளாண் கல்லூரிகளின் ராவே என்ற கிராமப்புற வேளாண் பணி அனுபவத் திட்டம். இறுதியாண்டு மாணவர்கள் கிராமத்திலேயே தங்கி விவசாயிகளோடு வேலை செய்கிறார்கள். மருத்துவக் கல்லூரிகளில் 2021-22 முதல் வந்திருக்கும் குடும்பத் தத்தெடுப்புத் திட்டமும் அதே வீடுகளுக்குத் திரும்பத் திரும்பப் போகவைக்கிறது. இரண்டும் பாடத்திட்டத்துக்குள்ளேயே இருப்பதால் ஓடி கேட்டு அலைய வேண்டியதில்லை. கலை அறிவியல் கல்லூரிக்கு அந்த வசதி இல்லை.

வாராந்தர வழிக்கு வர நினைப்பவர்கள் டைம்டேபிள் போடுகிறவரை ஜூன் மாதத்துக்கு முன்பே பிடித்துவிடுங்கள். வாரத்தில் ஒரு நாள் கடைசி இரண்டு பீரியடும் ஒன்றாக வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். மூன்றாவது செமஸ்டர் தோதானது. முதலாண்டில் கல்லூரியே புதிது, இறுதியாண்டில் மனசெல்லாம் பிளேஸ்மென்டில் இருக்கும். நாட்டு நலப்பணித் திட்ட அலுவலரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். இந்த மாலைகளை 240 மணி நேரத்தில் சேர்த்துக்கொள்ள அவர் சம்மதித்தால் பிள்ளைகளுக்குச் சான்றிதழும் கைவிட்டுப் போகாது.