அம்பாசமுத்திரத்தில் ஒரு கண்ணாடிக் குழாய்

ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு ஊருக்குப் போய்வந்த எனக்கு, தாமிரபரணிக் குளியலை விட, அம்பாசமுத்திரத்தில் ஒரு சிறிய ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நின்ற அரைமணி நேரமே மனத்தில் தங்கியிருக்கிறது.

தங்கை மகனுக்கு வயது 19. இரண்டு வாரமாகத் தீராத தாகத்தில் கலரும் சோடாவுமாகக் குடித்துக்கொண்டிருந்தான். தொடையும் கெண்டைக்காலும் தொட்டாலே வலித்தன. சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போயிற்று. மஞ்சள் காமாலை என்று அம்மா கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தாள். பக்கத்துக் கிளினிக்கிலோ சர்க்கரை அளவைக்கூடப் பார்க்காமல் வலிக்கு ஊசி போட்டு அனுப்பியிருந்தார்கள். நீர் வற்றிய உடம்பில் அத்தகைய வலி மருந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று பின்னால் அறிந்தபோது வந்த கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

பரிசோதனைக் கூடத்துத் தம்பிக்கு முப்பது வயது இருக்கலாம். சர்க்கரை 842 என்றார். இங்கிலாந்தில் வாழ்ந்து, சர்க்கரையை மில்லிமோலில் சொல்லும் அந்த ஊர்க் கணக்குக்குப் பழகிய நான் 18ஆல் வகுத்துப் பார்த்து, 46க்கு மேல் வரவே திடுக்கிட்டேன். சிறுநீரில் நனைத்த பட்டை ரத்தம் இருப்பதாகக் காட்டியது, ஆனால் நுண்ணோக்கியில் ஒரு சிவப்பணுவும் இல்லை. அவர் அத்துடன் விடாமல், ரத்தக் குழாயைச் சுழற்றி எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். மேலே நின்ற தெளிநீர் இளமஞ்சளாக இருந்தது. "அண்ணாச்சி, ரத்த அணு உடைஞ்சிருந்தா இது செவந்திருக்கும். இது சதையில இருந்து வருது. இப்பமே பாளையங்கோட்டைக்குக் கொண்டு போயிருங்க" என்றார். மருத்துவரின் சீட்டில்லாமல் ரத்தப் பரிசோதனை எளிதில் கிடைக்காத ஊரில் வாழும் எனக்கு, சீட்டே கேட்காத அந்தக் கூடத்தில் இத்தனை கவனம் கிடைத்தது பெரும் ஆறுதலாக இருந்தது.

பாளையங்கோட்டையில் தசை நொதியான சி.கே. 18,000ஐத் தாண்டியிருந்தது, சாதாரணமாக ஏறக்குறைய 200க்குள் இருக்க வேண்டியது. மிதமிஞ்சிய சர்க்கரை உடம்பு நீரை இழுத்து வெளியேற்றியதில் தசை நார்கள் சிதைந்து, அவற்றின் மயோகுளோபின் என்னும் புரதம் சிறுநீரில் இறங்கியிருக்கிறது என்று மருத்துவர் பொறுமையாக விளக்கினார். உப்புநீரை நிறைய ஏற்றினார்கள். இன்சுலின் தொடங்கியபின் பொட்டாசியமும் பாஸ்பேட்டும் சரிந்துவிடாமல் அடிக்கடி அளந்தார்கள்.

மூன்றாம் நாள், சர்க்கரை இறங்கி நாங்கள் மூச்சுவிட்ட வேளையில், கண்கள் மஞ்சளாகி ஹீமோகுளோபின் 14இலிருந்து 9க்கு விழுந்தது. இம்முறை உடைந்தவை சிவப்பணுக்களேதான். ஜி6பிடி என்னும் நொதி பிறவியிலேயே குறைந்தவர்களுக்கு, புதிதாக நீரிழிவு வெளிப்படும் நேரத்தில் அரிதாக இப்படியும் நேரும் என்றார்கள். அணுக்கள் உடைந்த உடனே அந்த நொதியைச் சோதித்தால், புதிதாகப் பிறந்த அணுக்களால் அளவு சரியாக இருப்பதுபோல் காட்டிவிடலாம் என்பதால், மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார்கள்.

அவனை வீட்டுக்கு அனுப்பும்போது தந்த சீட்டில் 'சர்க்கரை நோய்' என்று மட்டும் எழுதியிருந்தார்கள். அடுத்து மருந்து எழுதப்போகும் மருத்துவருக்குத் தசைச் சிதைவும் சிவப்பணுச் சிதைவும் தெரியாமல் போனால் என்ன ஆவது என்று ஒரு பகல் முழுக்கக் காத்திருந்து, இரண்டையும் எழுதி வாங்கினேன்.

இந்த ஜி6பிடி குறை தாய் வழியாக ஆண் பிள்ளைகளுக்கு வருவதால், தாய்மாமனான நானும் சோதித்துக்கொள்ள வேண்டுமாம். இங்கே மருத்துவரைப் பார்க்கவே மூன்று வாரம் கழித்துத்தான் நேரம் கொடுத்திருக்கிறார்கள். அம்பாசமுத்திரத்திலேயே கையை நீட்டியிருக்கலாம்.