பழைய வண்டிக்கு ஆன்லைனில் ஷாக் அப்சார்பர், லோயர் ஆர்ம் வாங்கப் போகிறீர்களா? என் 9,640 ரூபாய் போன விதத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள்

நேற்று ராத்திரி பதினோரு மணிக்கு அந்தக் கடைக்காரன் என் நம்பரை பிளாக் செய்துவிட்டான். மூன்று வாரமாக "அண்ணே அண்ணே" என்று பேசியவன். தூக்கம் வரவில்லை, காலையில் டீ கூடக் குடிக்காமல் இதை எழுதுகிறேன். போனது 9,640 ரூபாய். பணம் போனதைவிட, அந்தப் பாகங்களை மாட்டிய வண்டியில் ஆத்தாவை உட்கார வைத்து ஓட்டிக்கொண்டு போனேனே, அதை நினைத்தால்தான் இப்போதும் கை நடுங்குகிறது.

வண்டி 1997 மாடல் மாருதி 800, கார்புரேட்டர் வண்டி. அப்பச்சி வாங்கியது. அவர் போன பிறகும் விற்க மனமில்லாமல் கோட்டையூர் வீட்டு முகப்பிலேயே நிறுத்தி, நானே பார்த்துக்கொண்டு வருகிறேன். ஆயில் மாற்றுவது, பிரேக் ஷூ, பிளக், கார்புரேட்டர் சுத்தம் செய்வது எல்லாம் என் கையால்தான். அடுத்த மாதம் எஃப்சி (வண்டியின் தகுதிச் சான்று) காட்ட வேண்டும். முன்பக்கம் ரெண்டு ஸ்ட்ரட்டும், அதாவது ஸ்பிரிங்கோடு சேர்ந்த ஷாக் அப்சார்பர், செத்துப்போயிருந்தன. பானெட்டை ஒரு அழுத்து அழுத்தி விட்டால் மூன்று நான்கு முறை ஆடி அடங்கியது. வேகத்தடையில் ஏறி இறங்கினால் தலை போய்க் கூரையில் முட்டும். சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ் எல்லாம் வெடித்து, பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் ஒரு பக்கமாக இழுத்தது. சரி, ஒரேயடியாக எல்லாவற்றையும் மாற்றிவிடுவோம் என்று முடிவு செய்தேன்.

காரைக்குடியில் நாலு கடை ஏறி இறங்கினேன். மாருதி 800 உற்பத்தியை 2014 ஜனவரியிலேயே நிறுத்திவிட்டார்கள், "இப்ப யாரும் கேக்குறதில்ல, ஆர்டர் போட்டுத்தான் வரவழைக்கணும், பத்து நாள் ஆகும்" என்றார்கள். எனக்கு எஃப்சி அவசரம். அப்போதுதான் பழைய கார்களுக்கு மட்டும் உதிரிபாகம் விற்பதாகச் சொல்லும் ஓர் ஆன்லைன் கடை கண்ணில் பட்டது. பேரைச் சொல்லவில்லை, இந்த மாதிரி இன்னும் பத்துக் கடை இருக்கும்.

ஏமாந்த இடம் எது என்று யோசித்துப் பார்த்தால், அந்த முதல் போன் கால்தான். எடுத்தவன் நல்ல தமிழில் பேசினான். எந்த ஊர் என்று கேட்டான், சொன்னேன். "அட, நம்ம பக்கமா அண்ணே! எங்க அம்மா பொறந்த ஊரு தேவகோட்டை" என்றான். அவ்வளவுதான், என் குரலே மாறிவிட்டது. மாடல், வருஷம், சேஸ் நம்பர் எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டான். கம்பெனி ஒரிஜினல்தானா என்று இரண்டு முறை கேட்டேன். "உங்களுக்குப் போயி டூப்ளிகேட் குடுப்பேனா அண்ணே, நாளைக்கு ஊர்ப்பக்கம் வந்தா மூஞ்சியப் பாக்க வேணாமா" என்றான். பத்து நிமிஷத்தில் வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வந்தது. பெட்டியை உடைத்து ஸ்ட்ரட்டை வெளியே எடுத்து, ராடை உள்ளே அழுத்திக் காட்டினான். அது ஒரே சீராக மெல்ல மேலே ஏறி வந்தது. பெட்டியில் ஹாலோகிராம் ஸ்டிக்கர். எனக்கு அதுவே போதுமாக இருந்தது. "வீட்டுலயே மாட்டிக்கலாமா, இல்ல மெக்கானிக்தான் மாட்டணுமா" என்று கேட்டதற்கு, "தாராளமா நீங்களே மாட்டிக்கலாம் அண்ணே, வாரண்டிக்கு ஒரு பிரச்சினையும் இல்ல" என்றான். இந்த வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கணக்கு இதுதான். முன் ஸ்ட்ரட் ரெண்டு 4,200, ஸ்ட்ரட் மவுன்ட் ரெண்டு 1,100, பால் ஜாயின்ட்டோடு (ஆர்மைச் சக்கரத்தோடு இணைக்கும் உருண்டை மூட்டு) லோயர் ஆர்ம் ரெண்டு 2,400, பின்பக்க ஷாக் ரெண்டு 1,600, ஸ்டெபிலைசர் பார் புஷ் செட் 340. ஆக 9,640. பொருள் வந்ததும் பணம் தருகிறேன் என்றேன். கனமான பார்சலுக்கு அந்த வசதி கிடையாது, யுபிஐயில் முழுப் பணமும் போட்டால்தான் அனுப்ப முடியும் என்றான். போட்டேன். ஜிஎஸ்டி பில் கேட்டேன், "பெட்டிக்குள்ளயே இருக்கும்ணே" என்றான். ஆறாம் நாள் பார்சல் வந்தது. உள்ளே இருந்தது பில் இல்லை, கையெழுத்தில் விலை எழுதிய துண்டுச் சீட்டு. அப்போதே விழித்திருக்க வேண்டும். ஆனால் பாகங்கள் கறுப்புப் பெயின்ட்டில் பளபளவென்று இருந்தன, அழுத்திப் பார்த்தேன், மேலே வந்தது, சந்தேகமே வரவில்லை.

ரெண்டு நாள் வேலை. சனிக்கிழமை முன்பக்கம் ஜாக்கி போட்டுத் தூக்கி, ரெண்டு பக்கமும் ஸ்டாண்ட் வைத்து, பின் சக்கரங்களுக்குக் கல் அண்டக் கொடுத்துவிட்டுத்தான் கை வைத்தேன். பழைய போல்ட் எல்லாம் துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருந்தன, முதல் நாள் ராத்திரியே எண்ணெய் விட்டு ஊற வைத்திருந்தேன். சுருள் ஸ்பிரிங்கை அழுத்தும் கருவியைப் பழக்கமான மெக்கானிக் அண்ணனிடம் இரவல் வாங்கி வந்தேன். அந்த வேலையில் விளையாடக் கூடாது, அழுத்தி வைத்த ஸ்பிரிங் நழுவினால் ஆளையே அடித்துவிடும். ஞாயிற்றுக்கிழமை லோயர் ஆர்ம். வண்டி தொங்கிக்கொண்டிருக்கும்போது புஷ் போல்ட்டைக் கடைசி வரை முறுக்கக் கூடாது என்பது எனக்குத் தெரியும். சக்கரம் தரையில் பாரத்தோடு நிற்கும்போது முறுக்கினால்தான் ரப்பர் திருகாமல் இருக்கும். அப்படித்தான் செய்தேன். இதை இவ்வளவு விவரமாக ஏன் சொல்கிறேன் என்றால், பின்னால் அவர்கள் பழியை என் தலையில் போட்டார்கள். திங்கட்கிழமை காரைக்குடியில் வீல் அலைன்மென்ட்டும் பார்த்தேன். வண்டி புது வண்டி மாதிரி ஓடியது.

ஒன்பது நாள்.

பத்தாம் நாள் சங்கடஹர சதுர்த்தி. ஆத்தாவைக் கூட்டிக்கொண்டு பிள்ளையார்பட்டிக்குக் கிளம்பினேன். குன்றக்குடி நெருங்கும்போது இடது முன்பக்கத்திலிருந்து டொக் டொக் என்று சத்தம். முதலில் கல் ஏதோ அடிக்கிறது என்று நினைத்தேன். ஆத்தா, "மெதுவாப் போ அப்பு, கீழ என்னமோ இடிக்குது" என்றார்கள். அடுத்த வேகத்தடையில் சத்தம் மாறியது, ஸ்டியரிங் ஒரு நொடி கையை விட்டுப் போகிற மாதிரி இழுத்துத் திரும்பி வந்தது. ஓரம் கட்டினேன். ஆத்தாவைப் புளியமர நிழலில் உட்கார வைத்துவிட்டு ஜாக்கி போட்டேன். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால், ஆட்டுக்கல் குழியில் குழவி ஆடுகிற மாதிரி பால் ஜாயின்ட் ஆடுகிறது. மேலே இருந்த ரப்பர் கிழிந்து, உள்ளே கிரீஸ் பேருக்குக்கூட இல்லை. இன்னும் கொஞ்ச தூரம் போயிருந்தால் அது கழன்று, சக்கரம் மடங்கி வண்டி படுத்திருக்கும். அந்த ரோட்டில் எதிரே டிப்பர் லாரிகள் எப்படி வரும் என்று நம் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆத்தா ஆட்டோவில் வீடு போனார்கள், வண்டி டோ வண்டியில் வந்தது. அந்தச் செலவை 9,640-இல் நான் சேர்க்கவில்லை.

வீட்டில் எல்லாவற்றையும் கழற்றினேன். ஸ்ட்ரட் ரெண்டிலும் ராடு வழியாக எண்ணெய் ஒழுகிக் கீழே வரை நனைந்திருந்தது. துடைத்துவிட்டு நகத்தால் சுரண்டினேன், கறுப்புப் பெயின்ட் வறுத்த புளியங்கொட்டைத் தோல் மாதிரி உரிந்து வந்தது. அடியில் துரு. அதற்கும் கீழே பட்டாணி அளவில் வெல்டிங் வைத்த ஒரு புள்ளி. ஓட்டை போட்டு எண்ணெய் ஊற்றி அடைத்திருக்கிறார்கள். ஸ்பிரிங் உட்காரும் தட்டின் மடிப்பில் காய்ந்த சேறு இருந்தது. புது ஸ்ட்ரட்டாம், அதில் சேறு! வெளிறிய களிமண், நம் ஊர் செம்மண்கூட இல்லை. யாரோ ஓட்டித் தேய்த்துக் கழித்துப் போட்ட ஸ்ட்ரட்டுக்குப் பெயின்ட் அடித்துப் பெட்டியில் போட்டு எனக்கு விற்றிருக்கிறான். வீடியோவில் காட்டிய ஸ்ட்ரட் நிச்சயம் இது இல்லை.

போன் செய்தேன். "அச்சச்சோ, போட்டோ அனுப்புங்கண்ணே" என்றான். பதினாலு போட்டோ அனுப்பினேன். ரெண்டு நாள் நீல டிக் மட்டும் வந்தது, பதில் இல்லை. மறுபடி அழைத்தால் வேறு நம்பர் கொடுத்தான். அங்கே ஒரு பெண் மரியாதையாகப் பேசி, புகார் எண் கொடுத்து, 48 மணி நேரத்தில் அழைப்பதாகச் சொன்னார். அழைக்கவில்லை. நானே அழைத்தேன். ரிட்டர்ன் ஏழு நாளுக்குள் கேட்டிருக்க வேண்டும் சார் என்றார்கள். பத்தாம் நாள்தானே உடைந்தது என்றேன். பெட்டி பிரித்த வீடியோ இருக்கிறதா என்றார்கள். இல்லை. கடைசியில் என்ன சொன்னார்கள் தெரியுமா? "அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் மாட்டிய பில் இல்லாததால் வாரண்டி செல்லாது. வீட்டில் தவறாகப் பொருத்தியதால் ஏற்பட்ட சேதம்." வீட்டிலேயே மாட்டிக்கலாம் அண்ணே என்று சொன்ன அதே கடை! புகாரை முடித்துவிட்டதாக ஒரு மெசேஜ், கூடவே அடுத்த ஆர்டருக்கு 500 ரூபாய் கூப்பன். 9,640 ரூபாய்க்கு 500 ரூபாய் கூப்பன், அதையும் அவனிடமே செலவு செய்ய வேண்டுமாம். நேற்று ராத்திரி, "தேவகோட்டைக்கு வந்தா உங்க அம்மாகிட்ட இதச் சொல்லட்டுமா" என்று கேட்டு அனுப்பினேன். பிளாக்.

என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்று முழுசாக எழுத நினைத்தேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். ஜிஎஸ்டி எண் போட்ட பில் கைக்கு வராமல் முழுப் பணம் போடாதீர்கள். பார்சலைப் பிரிக்கும்போது, தனியாக இருந்தாலும் போனைச் சாய்த்து வைத்து வீடியோ எடுங்கள். மாட்டுவதற்கு முன்னால் ஸ்ட்ரட்டின் மடிப்பு, தட்டின் அடி, வெல்டிங் எல்லாவற்றையும் வெளிச்சத்தில் பாருங்கள், பெயின்ட்டை ஓரத்தில் கொஞ்சம் சுரண்டிப் பாருங்கள். பால் ஜாயின்ட்டைக் கையால் திருகினால் இறுக்கமாகத் திரும்ப வேண்டும், லொடலொடவென்று ஆடினால் திருப்பி அனுப்புங்கள். நம்ம ஊர்ப் பேச்சை நம்பாதீர்கள். ஆன்லைனில் விற்பவர்கள் குறைதீர் அலுவலர் பெயரைத் தங்கள் தளத்தில் போட வேண்டும் என்று 2020 விதியிலேயே இருக்கிறது, அந்தக் கடையின் தளத்தில் அப்படி ஒரு பெயரே இல்லை என்பதை நேற்றுத்தான் பார்த்தேன். நீங்கள் முதலிலேயே பாருங்கள்.

காலையில் 1915-க்கு, அதுதான் தேசிய நுகர்வோர் உதவி எண், அழைத்துப் புகார் பதிவு செய்துவிட்டேன். அதில் நடக்கவில்லை என்றால் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் வரை கட்டணமும் இல்லை. கழற்றிய பாகங்களைச் சேறு, எண்ணெய், உரிந்த பெயின்ட்டோடு அப்படியே சாக்கில் கட்டித் திண்ணைக்கு அடியில் வைத்திருக்கிறேன். யாராவது இதே மாதிரி வாங்கி ஏமாந்திருந்தால், தயவுசெய்து அவற்றைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். எனக்குச் சொல்லுங்கள், சேர்ந்தே புகார் கொடுப்போம்.