பார்லரில் பல் வெளுக்கப் போகிற மதுரைக்காரர்கள் கவனத்துக்கு

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். விசேஷ சீசன் வந்தால் நம்ம ஊர் பார்லர்களில் ஃபேஷியலோடு சேர்த்துப் 'பல் ஒயிட்டனிங்' என்று ஆஃபர் போடுகிறார்கள். அப்படி ஒரு இடத்தில் 4,500 ரூபாய் கட்டி, ஈறு வெந்து, ஒரு பல்லுக்கு ரூட் கெனால் வரைக்கும் போய் வந்திருக்கிறேன். கடையின் பெயரைக் கேட்காதீர்கள். அந்தக் கடையை விட்டுவிட்டு அடுத்த தெருவில் இதே வேலையைப் பார்க்கிற இன்னொரு கடைக்குள் நீங்கள் நுழைந்தால், நான் உட்கார்ந்து இவ்வளவு எழுதியதற்குப் பலனில்லை.

அக்கா மகளுக்குக் காதுகுத்து, சோழவந்தானில். நான் ஒரே தாய்மாமன். தாய்மாமன் என்றால் என்னவென்று நம்ம பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மடியில் பிள்ளை, கழுத்தில் மாலை, சீர்த்தட்டு வரிசை, அப்புறம் ஊர் முனையில் ஆளுயரத்துக்கு ஒரு ஃப்ளெக்ஸ். ஃப்ளெக்ஸுக்குப் படம் எடுக்க வந்த பையன், "அண்ணே, பல்லுத் தெரியச் சிரிங்க" என்றான். சிரித்தேன். கேமராவைப் பார்த்தவன், "வேணாம்ணே, வாயை மூடியே இருங்க, அதான் கெத்தா இருக்கு" என்றான். கீழமாசி வீதியில் மளிகை மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறேன். பதினைந்து வருஷமாக ஒரு நாளைக்கு ஆறு டீ. பல் வேறு எப்படி இருக்கும்? ஆனாலும் சுருக்கென்று பட்டுவிட்டது. நாளைக்கு மறுபடி வா என்று அவனை அனுப்பிவிட்டேன்.

அன்று சாயங்காலமே பார்லருக்குப் போனேன். 9,000-ஐ அடித்துவிட்டு 4,500 என்று போட்டிருந்தார்கள். டாக்டர் இருக்கிறாரா என்று கேட்டேன். வெள்ளைக் கோட் போட்ட பெண், "நான் இதுக்குன்னே சர்டிஃபிகேட் கோர்ஸ் முடிச்சிருக்கேன்ணே" என்றது. நான் கேட்ட கேள்விக்கு அது பதிலே இல்லை. எழுந்து வந்திருக்க வேண்டும். ஏசி நன்றாக இருந்தது, உட்கார்ந்துவிட்டேன்.

இனிமேல்தான் முக்கியமான இடம். என் வாய்க்குள் யாரும் பார்க்கவில்லை. டார்ச் இல்லை, கண்ணாடி இல்லை. சொத்தை இருக்கிறதா, பல் கூச்சம் உண்டா, கேப் போட்டிருக்கிறீர்களா, எந்தக் கேள்வியும் இல்லை. வரிசையாகப் பல் பொம்மை ஒட்டிய ஒரு ஷேடு கார்டை என் முன்பல் பக்கத்தில் பிடித்துப் பார்த்து, "எட்டு ஷேடு குறைச்சிடலாம்ணே" என்றது. அவ்வளவுதான் பரிசோதனை.

உதட்டை விரித்துப் பிடிக்கிற பிளாஸ்டிக் சட்டத்தை வாயில் மாட்டியாயிற்று. அதை மாட்டிய பிறகு பேச முடியாது, கையைத்தான் ஆட்ட வேண்டும். ஊசியில்லாத சிரிஞ்சில் இருந்து ஜெல்லைப் பல்லில் பிதுக்கி, நீல விளக்கை வாய்க்கு நேராக வைத்தார்கள். பதினைந்து நிமிடம், துடைப்பது, மறுபடி ஜெல், மறுபடி பதினைந்து நிமிடம். இப்படி நான்கு தடவை. இரண்டாவது தடவையிலேயே மேல் ஈறு எரிய ஆரம்பித்தது. கையை ஆட்டினேன். "கொஞ்சம் எரியத்தான்ணே செய்யும், அப்பத்தான் மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம்" என்றது அந்தப் பெண். பொறுத்துக்கொண்டேன். காசு கட்டியாயிற்றே!

சட்டத்தைக் கழற்றிக் கண்ணாடியைக் கொடுத்தபோது, உள்ளதைச் சொல்ல வேண்டும், பல் பளிச்சென்றுதான் இருந்தது. ஆனால் பல்லுக்கு மேலே ஈறு ஓரம் முழுக்க வெள்ளை வெள்ளையாகத் திட்டு. சோழவந்தான் வெற்றிலை போடுகிற வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது புரியும்: சுண்ணாம்பு கூடிப்போனால் வாய் வெந்து தோல் வெளுத்துக் கிடக்குமே, அதே மாதிரி. கேட்டதற்கு, "நைட்டுக்குள்ள போயிரும். ரெண்டு நாளைக்கு டீ, சாம்பார் வேணாம், தயிர்ச்சோறு மட்டும் சாப்பிடுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

வண்டியில் ஏ.வி. பாலத்து மேல் வரும்போதுதான் முதல் அடி. யாரோ குறுக்கே வந்தான், திட்டுவதற்கு வாயைத் திறந்தேன், காற்றுப் பட்டது. முன்பல்லில் இருந்து மூக்குக்குள் கம்பியைச் சொருகியது போலச் சுரீர் என்றது. வாயை மூடிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன். ராத்திரி காற்றும் படவில்லை, தண்ணீரும் படவில்லை. சும்மா படுத்திருக்கும்போதே பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை அதே சுரீர். மேல் வலது பக்கக் கடைவாயில் மட்டும் அது நிற்காமல் விண் விண் என்று தெறித்தது.

ஃப்ளெக்ஸ் கதையையும் சொல்லிவிட வேண்டும். மறுநாள் வலியோடு பல் தெரியச் சிரித்துப் படம் எடுத்தேன். எட்டாவது படிக்கும்போது சைக்கிளில் இருந்து விழுந்து உடைந்த முன்பல்லுக்குக் கேப் போட்டிருக்கிறேன். எல்லாப் பல்லும் மஞ்சளாக இருந்தவரை அது கேப் என்றே யாருக்கும் தெரியாது. கேப்பும் சிமென்ட் அடைப்பும் எந்த மருந்துக்கும் வெளுக்காது என்பது எனக்குத் தெரியாது. பார்லரில் தெரிந்திருந்தாலும் யாரும் சொல்லவில்லை. ஃப்ளெக்ஸைப் பார்த்துவிட்டு அக்கா போனில் கேட்டது: "ஏன்டா தம்பி, ஒரு பல்லுல மட்டும் என்ன ஒட்டியிருக்கு, பருப்பா?"

மூன்றாம் நாள் உண்மையான பல் டாக்டரிடம் போனேன். அந்த அம்மா முதலில் செய்தது எக்ஸ்ரே. கடைவாயில் பழைய அடைப்புக்கு அடியில் சொத்தை ஓடியிருந்தது. நான் அழுத்தித் தேய்க்கிற ஆள். நான்கைந்து பற்களில் ஈறு இறங்கி வேரோரம் வெளியே தெரிந்தது. இந்த இரண்டையும் சரி செய்யாமல் ப்ளீச்சிங்கில் கையே வைத்திருக்கக் கூடாது என்றார். சொத்தை ஏற்கெனவே இருந்ததுதான், எல்லாப் பழியையும் ஜெல் மேல் போட முடியாது, அதையும் அவரேதான் சொன்னார். ஆனால் இருந்த சொத்தை வழியாக மருந்து நரம்புவரை இறங்கி அதைக் கிளப்பிவிட்டது. அந்தப் பல்லுக்கு ரூட் கெனால்.

அவர் சொல்லித்தான் எனக்குச் சில விஷயங்கள் விளங்கின. பல்லின் மேலே இருக்கிற எனாமல் கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவக்கூடியது. அதற்கு அடியில் இருக்கிற டென்டின் பிறவியிலேயே மஞ்சள் சாயல் கொண்டது. வயதாக ஆக எனாமல் தேயத் தேய மஞ்சள் கூடுதலாகத் தெரியும். ப்ளீச்சிங் ஜெல்லில் இருப்பது ஹைட்ரஜன் பெராக்சைடு, இல்லையென்றால் அதை வெளியிடுகிற கார்பமைடு பெராக்சைடு. அது எனாமலுக்குள் புகுந்து கறையின் நிறத்தை உடைக்கிறது. ஆனால் அங்கேயே நின்றுவிடாது, சில நிமிடங்களிலேயே நரம்பு இருக்கிற இடம்வரை போய்விடும். அதனால்தான் ஒழுங்காகச் செய்துகொண்டவர்களுக்கும் இரண்டு மூன்று நாள் கூச்சம் வருவது சகஜம். அது பெரும்பாலும் தானாக அடங்கிவிடும், பயப்பட வேண்டியதில்லை.

பயப்பட வேண்டியது அளவைப் பற்றி. டாக்டர் அச்செடுத்துத் தருகிற ட்ரேயில் வைத்து வீட்டில் போட்டுக்கொள்கிற ஜெல் பெரும்பாலும் 10 சதவீதக் கார்பமைடு பெராக்சைடு. அதில் ஹைட்ரஜன் பெராக்சைடு ஏறக்குறைய 3.5 சதவீதம்தான். நாற்காலியில் உட்கார வைத்துப் போடுவது 25 முதல் 40 சதவீதம்வரை. அந்த அளவு மருந்து ஈறில் பட்டால் வெந்துவிடும் என்பதால் முதலில் ஈறு ஓரம் முழுக்க ஒரு பசையைப் பூசி, விளக்கு காட்டி இறுகவைத்து வேலி போட்ட பிறகுதான் ஜெல்லைத் தொடுவார்களாம். எனக்கு அந்த வேலி இல்லை. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் ஹைட்ரஜன் பெராக்சைடு 6 சதவீதத்துக்கு மேல் இருந்தால் விற்கவே கூடாது; 0.1 சதவீதத்தைத் தாண்டினாலே பல் டாக்டர் கையால்தான் தொடங்க வேண்டும். 18 வயதுக்குக் கீழே கிடையாது. இங்கிலாந்தில் பல் வெளுப்பதும் பல் வைத்தியம்தான் என்று 2013-லேயே உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. எனக்குப் போட்ட ஜெல் எத்தனை சதவீதம்? பிறகு போய்ப் பாட்டிலை வாங்கிப் பார்த்தேன். 'நேச்சுரல் மின்ட்' என்று போட்டிருந்தது. சதவீதம் இல்லை, தயாரித்தவர் முகவரி இல்லை, தேதி இல்லை. ஊறுகாய் பாக்கெட்டில்கூட இதைவிட அதிகம் எழுதியிருக்கும்.

அந்த நீல விளக்கு இருக்கிறதே, அதனால் பெரிய கூடுதல் பலன் எதுவும் இல்லையாம். ஒரு மணி நேரம் வாயைத் திறந்தே வைத்திருந்தால் பல் காய்ந்து தானாகவே வெள்ளையாகத் தெரியும். எச்சில் ஊறியதும் பாதி திரும்பிவிடும். எனக்கும் ஒரு வாரத்தில் எட்டு ஷேடு மூன்று ஷேடாகச் சுருங்கியது.

எல்லாவற்றையும்விட எனக்கு வயிறு எரிந்தது ஒரே இடத்தில்தான். டாக்டரம்மா என் பழைய படத்தைப் போனில் பார்த்துவிட்டு, "இது டீக்கறைங்க, மேலாப்பில இருக்கிறது. கிளீனிங் பண்ணியிருந்தாலே முக்கால்வாசி போயிருக்கும்" என்றார். அதற்கு ஆயிரம் ரூபாய் ஆகியிருக்கும். பெரியாஸ்பத்திரியிலேயே பல் பிரிவு இருக்கிறது, அதற்குக்கூட நான் போனதில்லை.

பார்லருக்குத் திரும்பப் போனேன். "உங்க பல்லே வீக்குண்ணே" என்றார்கள். பில் கேட்டேன், இல்லை. ஜிபேயில் பணம் போனது ஒரு தனி ஆள் பெயருக்கு. கூகுளில் நான் ஒரு ஸ்டார் போட்டிருந்தேன். அதை எடுத்துவிட்டால் 2,000 தருகிறோம் என்றார்கள். வாங்கவில்லை. (ரூட் கெனாலுக்குக் கடன் வாங்கிய நேரத்தில் கொஞ்சம் யோசித்தேன் என்பதும் உண்மை.) 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் எழுதப்போகிறேன். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் அங்கே கட்டணம் கிடையாது. உங்களுக்கு இப்படி நடந்தால் ஈறு வெந்திருப்பதை அன்றைக்கே படம் எடுத்து வையுங்கள். என்னுடையது ஐந்தாம் நாள் உரிந்து ஆறிவிட்டது, இப்போது காட்டுவதற்கு அந்தப் படம்தான் இருக்கிறது.

செய்தே ஆக வேண்டும் என்று இருப்பவர்கள் டாக்டரின் பதிவு எண்ணைக் கேளுங்கள். சட்டப்படி பதிவு செய்யாத ஆள் பல் வைத்தியம் பார்க்கக் கூடாது. எண் இருந்தால் சொல்வார்கள், இல்லையென்றால் சர்டிஃபிகேட் கோர்ஸ் என்பார்கள். ஜெல் எத்தனை சதவீதம், ஈறுக்கு என்ன பாதுகாப்பு என்று கேளுங்கள். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் போய் நிற்காதீர்கள். கர்ப்பமாக இருக்கிற பெண்கள், பால் கொடுக்கிறவர்கள் இப்போதைக்குத் தள்ளிப்போடுவதே நல்லது. எங்கள் கடையில் தர்மபுரிக்காரப் பையன் ஒருவன் இருக்கிறான். ஃப்ளூரைடு தண்ணீர் குடித்து வளர்ந்ததால் பல்லில் வெள்ளையும் பழுப்புமாகத் திட்டு. அவனும் பார்லருக்குப் போக இருந்தான். அந்த மாதிரிப் பல்லை வெளுத்தால் வெள்ளைத் திட்டு முதலில் இன்னும் எடுப்பாகத் தெரியுமாம். என் வாயைத் திறந்து காட்டி நிறுத்திவிட்டேன். அதற்குப் பதிலாகக் கரித்தூள் பேஸ்ட் வாங்கியிருக்கிறான். அது எனாமலைத் தேய்த்துவிடும், தேய்ந்த எனாமல் திரும்ப முளைக்காது என்று அவனிடம் தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இப்போது கூச்சம் அநேகமாக நின்றுவிட்டது, டாக்டர் கொடுத்த பேஸ்ட்தான் தேய்க்கிறேன். டீயை மூன்றாகக் குறைத்திருக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனபோது மாட்டுக்கொட்டகைக் கூரையில் ஒழுகுகிற பக்கம் அந்த ஃப்ளெக்ஸைப் போட்டுக் கட்டியிருந்தார்கள். மச்சானிடம் எழுத்துப் பக்கத்தை உள்பக்கமாகத் திருப்பிக் கட்டக் கூடாதா என்று கேட்டேன். "அப்படிக் கட்டுனா மாடு மிரளுது மாப்ள" என்றார்.