அள்ளுவதா, மூடுவதா, கரி கலப்பதா, விட்டுவிடுவதா? ஆற்றடி நஞ்சுச் சேற்றுக்கு எந்த வழி?

ஆற்றின் அடியில் நஞ்சு கலந்த சேறு கிடக்கிறது என்று தெரிந்தால், "அள்ளி எடுத்துவிடுங்கள்" என்பதுதான் பலர் வாயில் முதலில் வரும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கைவசம் இருக்கும் வழிகள் நான்கு: அள்ளுவது, மேலே மூடி போடுவது, கரியைக் கலந்து நஞ்சைக் கட்டிப்போடுவது, புதுவண்டல் வந்து புதைக்கும்வரை கண்காணித்துக்கொண்டே விட்டுவிடுவது. இவற்றில் எது பொருந்தும் என்பதற்குச் சேற்றில் எத்தனை கிலோ நஞ்சு இருக்கிறது என்ற கணக்கு மட்டும் போதாது. அதில் எவ்வளவு மீனுக்குப் போகிறது, அடுத்த பெருவெள்ளத்தில் அந்தச் சேறு இடம்பெயருமா, இந்த இரண்டும் தெரிந்தாக வேண்டும்.

ஆகவே முதல் போட்டி ஆய்வு முறைகளுக்குள்ளேயே இருக்கிறது. படகிலிருந்து வாளிபோன்ற கருவியை இறக்கி மேல்சேற்றை அள்ளுவது ஒரு முறை. மலிவு, வேகம். புழுக்களும் நத்தைகளும் புழங்கும் மேல் 10, 15 சென்டிமீட்டரில் இன்று என்ன நிலை என்று அது சொல்லிவிடும். கீழே இருப்பதைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. இன்னொன்று குழாயால் மாதிரி எடுப்பது. நீளக் குழாயைச் சேற்றுக்குள் இறக்கி, உள்ளே சிக்கிய சேற்றுத் தூணை அப்படியே வெளியே எடுத்து, துண்டு துண்டாக வெட்டி ஒவ்வொன்றையும் ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். செலவு பல மடங்கு. ஆனால் அந்தத் தூணில் காலமும் பதிவாகியிருக்கும். அணுகுண்டுச் சோதனைகளால் உலகமெங்கும் விழுந்த சீசியம்-137 என்ற கதிரியக்கப் பொருள் உச்சத்தைத் தொட்டது 1963 வாக்கில். 2003ல் எடுத்த ஒரு தூணில் அந்த உச்சம் 40 சென்டிமீட்டர் ஆழத்தில் கூர்மையாகத் தெரிந்தால், அங்கே ஆண்டுக்குச் சுமார் 1 சென்டிமீட்டர் வண்டல் கலையாமல் படிந்து வந்திருக்கிறது என்று பொருள். உச்சமே இல்லாமல் மேலும் கீழும் கலங்கிக் கிடந்தால், அந்த இடத்துச் சேறு நிலையாக இல்லை. மூடி போடலாமா, விட்டுவிடலாமா என்ற பேச்சுக்கு இதைவிட நல்ல சாட்சி அரிது.

குழாயால் எடுத்த மாதிரியும் ஏமாற்றும். அமெரிக்காவின் ஹட்சன் ஆறு அதற்கு உதாரணம். அங்கே ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் இரண்டு ஆலைகளிலிருந்து 1947 முதல் 1977 வரை பிசிபி என்ற வேதிப்பொருள் 5.9 லட்சம் கிலோ வரை ஆற்றில் கலந்திருக்கலாம் என்பது மதிப்பீடு. 2009ல் முதல் கட்டமாக அள்ளத் தொடங்கியபோது, பல இடங்களில் நஞ்சு எதிர்பார்த்ததைவிட ஆழமாக இறங்கியிருந்தது. பழைய மரக்கழிவுகள் குழாயைத் தடுத்து, அடிவரை போகவிடாததே முக்கியக் காரணம். ஆழம் தவறினால் அள்ளும் இயந்திரம் அதே இடத்துக்குத் திரும்பத் திரும்ப வரவேண்டியிருக்கும். ஒவ்வொரு முறையும் சேறு கலங்கும். இன்னும் ஆழமாக, நெருக்கமாக மாதிரி எடுத்திருந்தால் ஆகியிருக்கும் கூடுதல் செலவு இதற்கு முன்னால் அற்பம்.

சரி, அள்ளுவதையே எடுத்துக்கொள்வோம். நஞ்சு அங்கிருந்து போய்விடுகிறது என்பது அதன் பெரிய பலம். மற்ற மூன்று வழிகளிலும் அது அங்கேயேதான் இருக்கும். கப்பல் போகும் தடமாக இருந்தால் ஆழமும் கூடும். இதற்குள்ளும் இரண்டு வகை உண்டு. வாளியால் கவ்வி எடுத்தால் சேறு கெட்டியாக வரும், வேலை மெதுவாக நடக்கும். குழாயால் உறிஞ்சினால் வேகம், ஆனால் வருவதில் பெரும்பங்கு தண்ணீர்தான். அத்தனை தண்ணீரையும் பிரித்துச் சுத்திகரித்துத்தான் ஆற்றில் விட வேண்டும். சேற்றை அள்ளும் செலவைவிட அதை உலர்த்தி, ஏற்றி, பாதுகாப்பான குழியில் சேர்க்கும் செலவு மிஞ்சிப்போவது சாதாரணம்.

அப்புறம் மிச்சம். எவ்வளவு கவனமாக அள்ளினாலும், கடைசித் தடவை வாரும்போது இருந்த நஞ்சில் சுமார் 2 முதல் 9 சதவீதம் தளர்ந்த சேறாக அங்கேயே படிகிறது என்று பல பணிகளின் அளவீடுகள் காட்டியிருக்கின்றன. அதன்மேல் ஓர் அடுக்கு மணல் பரப்புவது வழக்கமாகிவிட்டது. அதாவது அள்ளும் பணியே பல இடங்களில் மூடும் பணியாகத்தான் முடிகிறது. ஹட்சனில் 2015 வரை சுமார் 21 லட்சம் கன மீட்டர் சேறு அள்ளப்பட்டது. அத்தனைக்குப் பிறகும் அந்த ஆற்று மீனைப் பற்றிய உணவு எச்சரிக்கைகள் விலகவில்லை. இதனால் அள்ளியது வீண் என்று நான் சொல்லமாட்டேன். அள்ளிய மறுநாளே மீன் சுத்தமாகிவிடும் என்று நம்பியிருந்தால்தான் ஏமாற்றம்.

அள்ளியே தீரவேண்டிய இடமும் உண்டு. ஜப்பானின் மினமாட்டா விரிகுடாவில் பாதரசம் 25 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 25 பங்கு) மேல் இருந்த சேறு முழுவதையும் அப்புறப்படுத்துவது என்று முடிவானது. 1977ல் தொடங்கிய வேலை 1990ல் முடிந்தது. சுமார் 15 லட்சம் கன மீட்டர் சேறு, செலவு சுமார் 4,850 கோடி யென். அள்ளிய சேற்றை எங்கோ கொண்டுபோகவில்லை. விரிகுடாவின் உட்பகுதியைத் தடுப்பு கட்டி அடைத்து, அதற்குள் கொட்டி, மேலே நல்ல மண் போட்டு 58 ஹெக்டேர் நிலமாக்கினார்கள். மீன்கள் வெளியே போகாமல் கட்டிய வலை 1997ல்தான் எடுக்கப்பட்டது.

மூடி போடுவது இதைவிட வேகமானது, பெரும்பாலும் மலிவானது. மணல், சில இடங்களில் அதன்மேல் சரளை அல்லது பாறை. புழுக்கள் துளைக்கும் ஆழத்தைவிடத் தடிமன் கூடுதலாக இருந்தால் நஞ்சுக்கும் உயிர்களுக்கும் இடையே சுவர் எழுந்துவிடும். ஆனால் அடியிலிருந்து நிலத்தடி நீர் ஊறி மேலே வரும் இடத்தில் அது நஞ்சையும் சுமந்து வரும். அழுகும் சேற்றிலிருந்து கிளம்பும் வாயுக்குமிழிகளும் அப்படியே. அமெரிக்காவின் கிராஸ் ஆற்றில் 2001ல் சோதனைக்காக ஒரு மூடி போட்டார்கள். 2003 வசந்தத்தில் பனிக்கட்டிகள் ஆற்றில் அடைத்துக்கொண்டு, அடியில் சீறிய நீர் மூடியின் ஒரு பகுதியையும் அதன் கீழிருந்த சேற்றையும் அரித்துக்கொண்டு போயிற்று. பனியடைப்பு அந்த இடத்தில் அடிவரை அரிக்கும் என்பது அப்போதுதான் தெளிவானது. நல்லவேளை, அது சோதனையாக இருந்தது.

கரி கலக்கும் முறை புதியது. எனக்குப் பிடித்ததும் அதுதான். செயலூட்டிய கரித்தூளை மேல்சேற்றின் எடையில் சில சதவீதம் கலந்தால், பிசிபி போன்றவை கரியின் நுண்துளைகளில் ஒட்டிக்கொள்ளும். மொத்த அளவை அளந்தால் நஞ்சு குறைந்திருக்காது. சேற்றுத் துகள்களுக்கு இடையே உள்ள நீரில் கரைந்திருக்கும் பங்கு வெகுவாகக் குறையும், உயிர்களின் உடலில் ஏறுவதும் குறையும். அதை அளக்க மெல்லிய பாலிதீன் பட்டைகளைச் சேற்றில் செருகிச் சில வாரம் விட்டு எடுக்கிறார்கள். ஆற்றடி உயிர்களைப் புரட்டிப்போடாத முறை இது. வேகமான நீரோட்டத்தில் கரி தங்காது. ஈயம், துத்தநாகம் போன்ற உலோகங்களிடம் இதன் ஜம்பம் அவ்வளவாகச் செல்லாது.

விட்டுவிடுவது என்றால் கைகழுவுவது அல்ல. வர்ஜீனியாவின் ஜேம்ஸ் ஆற்றில் கெபோன் என்ற பூச்சிக்கொல்லி கலந்து, 1975ல் மீன்பிடிக்கத் தடை வந்தது. அள்ளுவது கட்டுப்படியாகாத அளவுக்கு அது பரவியிருந்தது. வருடாவருடம் வந்த வண்டல் கெபோனைப் புதைத்தது. மீன்களில் அளவு இறங்கி, 1988ல் தடை நீங்கியது. கெபோன் சிதைந்துவிடவில்லை, கீழே இருக்கிறது. வண்டல் வரத்து தாராளமாக உள்ள, நஞ்சின் வரத்து அடியோடு நின்ற ஆற்றுக்கு இது பொருந்தும். செலவைத் தரவேண்டிய தரப்புகள் இந்த வழியை ஆர்வத்தோடு முன்மொழிவதைக் கவனித்திருப்பீர்கள். குழாயால் எடுத்த மாதிரிகளின் சீசியம் அளவுகளைக் காட்டச் சொல்லிக் கேட்டால் போதும், ஆர்வம் நியாயமானதா என்று தெரிந்துவிடும்.

உண்மையில் பெரிய பணிகளில் ஒரே வழி அரிது. விஸ்கான்சினின் ஃபாக்ஸ் ஆற்றில் சில பகுதிகளில் அள்ளினார்கள், சில பகுதிகளை மூடினார்கள், சில இடங்களில் மணல் மட்டும் பரப்பினார்கள்; 2020ல் ஆற்றுப் பணி முடிந்தது. நஞ்சு மிகுந்து கலையக்கூடிய இடத்தில் அள்ளுவது, ஆழமாகவும் அமைதியாகவும் இருக்கும் இடத்தில் மூடுவது, பரந்து லேசாகக் கிடக்கும் இடத்தில் கரி, புதுவண்டல் தானே வரும் இடத்தில் காத்திருப்பது என்று பிரித்துக்கொள்வதே என் தேர்வும். ஒரு நிபந்தனை உண்டு. மூடி போட்டால் பெருவெள்ளம் ஒவ்வொன்றுக்கும் பிறகு ஆழத்தை மறுபடி அளந்து பார்க்க வேண்டும். 30 ஆண்டு கழித்தும் அந்தச் செலவை யார் தருவார் என்பது சுத்தப்படுத்தும் உத்தரவிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். அந்த வரி இல்லாத திட்டத்தில், செலவு கூடினாலும் அள்ளச் சொல்லித்தான் நான் கேட்பேன்.