காப்புறுதி புதுப்பிப்பு நினைவூட்டல்: கூகுள் ஷீட்டா, பிரெவோவா, மெயில்சிம்ப்பா?

மோட்டார் காப்புறுதியில் போட்ட திகதி முடிந்தால் முடிந்ததுதான். ஆயுள் காப்புறுதியில் பொதுவாக 30 நாள் சலுகைக் காலம் இருக்கும். வாகனத்துக்கு அந்த இரக்கம் கிடையாது. மறுநாள் காலை கல்லடிப் பாலத்தில் ஒரு விபத்து நடந்தால், பத்து வருடம் பிசகாமல் கட்டிய கணக்கு கைகொடுக்காது. வருமான அனுமதிப்பத்திரம் எடுப்பதற்கும் காலாவதியாகாத காப்புறுதி வேண்டும்.

மட்டக்களப்பில் ஒரு சின்ன முகவர் அலுவலகத்தில் இந்தத் திகதிகளைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. முன்பு கொப்பியைப் புரட்டி, ஒவ்வொருவருக்கும் கோல் எடுத்துச் சொல்வோம். பிறகு மின்னஞ்சல் தானாகப் போகிற மாதிரி மாற்றினோம். கூகுள் ஷீட்டில் சின்ன ஸ்கிரிப்ட் (தானாக ஓடும் கட்டளைகள்) எழுதுவது, பிரெவோ, மெயில்சிம்ப் என்ற இரண்டு மின்னஞ்சல் சேவைகள் என்று மூன்றையும் பாவித்துப் பார்த்தோம்.

முதலில் ஒரு கணக்கு. 600 வாடிக்கையாளர்கள், ஆளுக்கு வருடத்துக்கு 3 நினைவூட்டல் என்று வைத்தால் மொத்தம் 1,800. நாளுக்குச் சராசரியாக 5 மின்னஞ்சல். சாதாரண ஜிமெயில் கணக்கில், ஷீட்டில் ஸ்கிரிப்ட் எழுதக் கூகுள் தரும் ஆப்ஸ் ஸ்கிரிப்ட் நாளொன்றுக்கு 100 பேருக்கு அனுப்ப விடும். ஆயிரக்கணக்கானோருக்கு ஒரே நேரத்தில் விளம்பரம் அனுப்புவதற்கென்று உருவான சேவைகளைக் காசு கொடுத்து வாங்குமுன் இந்த 5 என்ற எண்ணை ஒருதரம் யோசிக்க வேண்டும். புதுப்பித்தலில் ஒவ்வொருவருக்கும் ஒரு திகதி. ஊருக்கே ஒரே நாளில் சொல்லும் அறிவித்தல் அல்ல அது.

ஷீட் வழியில் ஒரு வரிசைக்கு ஒரு காப்புறுதி: பெயர், வாகன இலக்கம், முடிவுத் திகதி, மின்னஞ்சல். ஸ்கிரிப்ட் தினமும் காலையில் ஓடி, யாருக்கு நாள் நெருங்குகிறது என்று பார்த்து அனுப்பும். செலவு இல்லை. வாடிக்கையாளர் பதில் எழுதினால் அது எங்கள் இன்பொக்ஸுக்கே வந்து சேரும்.

ஆனால் இங்கேதான் எங்களுக்குப் பெரிய பிழையும் நடந்தது. ஷீட் அமெரிக்கத் திகதி அமைப்பில் இருந்ததை யாரும் கவனிக்கவில்லை. ஜூலை 3 என்று நினைத்து 03/07 என அடித்தோம். அது மார்ச் 7 ஆகப் பதிந்தது. 25/07 போன்றவற்றுக்கு 25ஆம் மாதம் இல்லாததால் அவை திகதியாகவே ஏறவில்லை, வெறும் எழுத்தாகக் கிடந்தன. அந்த ஆட்களுக்கு மின்னஞ்சல் போகவே இல்லை. ஸ்கூட்டர் வைத்திருக்கும் ஓர் ஆசிரியை, வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கப் பிரதேச செயலகத்துக்குப் போன இடத்தில்தான் தன் காப்புறுதி முடிந்து ஒரு மாதமாகியிருப்பதை அறிந்தார். “தங்கச்சி, ஒரு கோல் எடுத்துச் சொல்லியிருக்கலாமே” என்றார். அந்த ஒரு மாதமும் அவர் அந்த ஸ்கூட்டரில்தான் பிள்ளையை ஏற்றிக்கொண்டு பள்ளிக்கூடம் போய் வந்திருக்கிறார். இதை எழுதும்போதும் எனக்கு மனம் பதறுகிறது. ஷீட்டின் அமைப்பில் நாட்டை (locale) ஐக்கிய இராச்சியம் என்று மாற்றினால் இனி அடிப்பவை சரியாக ஏறும். ஏற்கெனவே பிழையாகப் பதிந்தவை தாமாகத் திருந்தாது. கொப்பியை வைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தோம். நேர வலயத்தையும் கொழும்புக்கு மாற்றிவிடுங்கள்.

இன்னொன்று. “இன்னும் சரியாக 30 நாள் இருந்தால் அனுப்பு” என்று ஸ்கிரிப்டில் எழுதக் கூடாது. அன்றைக்கு ஸ்கிரிப்ட் ஓடாமல் விட்டால் அந்த ஆள் தவறிவிடுவார். “30 நாளோ குறைவோ இருக்கிறது, முதல் நினைவூட்டல் இன்னும் போகவில்லை” என்பதுதான் சரியான நிபந்தனை. அனுப்பிய திகதியை ஷீட்டில் தனி நிரலில் (column) பதிய வேண்டும்.

பிரெவோவில் கோட் தேவையில்லை. ஒவ்வொரு தொடர்புக்கும் திகதியைச் சேர்த்து, அதிலிருந்து இத்தனை நாளுக்கு முன் அனுப்பு என்று அமைக்கலாம். இலவசக் கணக்கில் நாளுக்கு 300 மின்னஞ்சல். கீழே அவர்களின் சின்னம் வரும். முகவரி பிழையாகித் திரும்பி வருவதையும், வேண்டாம் என்று விலகியவர்களையும் அதுவே பார்த்துக்கொள்ளும். ஷீட்டில் இதை நாமே கையால் செய்ய வேண்டும். மெயில்சிம்ப்பின் வடிவமைப்பு அழகு, அதை மறுக்க மாட்டேன். ஆனால் அது தொடர்புகளின் எண்ணிக்கைக்குக் காசு எடுக்கிறது. விலகியவர்கள்கூட நாம் எடுத்து ஒதுக்கி வைக்கும் (archive) வரை கணக்கில் இருப்பார்கள். பிரெவோ அனுப்பும் அளவுக்கு எடுக்கிறது. வருடத்துக்கு மூன்று தடவை மட்டும் பேசும் ஆட்களுக்காக ஒவ்வொரு மாதமும் டொலரில் கட்டுவது எங்கள் போன்ற அலுவலகத்துக்குக் கட்டுப்படியாகாது. வாராவாரம் புதுச் சரக்கு அறிவிக்கும் கடைக்கு மெயில்சிம்ப் பொருந்தும்.

இந்த இரண்டு சேவைகளுக்கும் சொந்த டொமைன் (அலுவலகத்தின் பெயரில் ஓர் இணைய முகவரி) வேண்டும். ஜிமெயில் முகவரியைக் கொடுத்து அவற்றின் வழியாக அனுப்பினால் கூகுளின் சரிபார்ப்பில் மாட்டும், ஸ்பாமுக்குப் போகலாம். 2024 பெப்ரவரியில் கூகுளும் யாஹூவும் விதிகளை இறுக்கிய பிறகு எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்ற, அனுப்புவது நாம்தான் என்று காட்டும் மூன்று பதிவுகளையும் டொமைனில் சேர்த்துவிடுவது நல்லது. தெரிந்த ஒருவருக்கு ஒரு மணித்தியால வேலை.

எத்தனை பேர் திறந்தார்கள் என்று இந்தச் சேவைகள் காட்டும் வீதத்தை நான் பெரிதாக எடுப்பதில்லை. 2021 முதல் ஆப்பிள் மெயில் படங்களை முன்கூட்டியே இறக்குவதால், படிக்காததும் படித்ததாகக் காட்டும். எங்கள் அளவுகோல், பதில் வந்ததா, பணம் கட்டினாரா என்பதுதான்.

எந்த வழியை எடுத்தாலும் மிக முக்கியமானது நிறுத்துவது. நேற்றுப் பணம் கட்டியவருக்கு இன்றைக்கு “உங்கள் காப்புறுதி முடியப்போகிறது” என்று போனால், அவர் பயந்துபோய்ப் பற்றுச்சீட்டோடு ஓடி வருவார். அடுத்த வருடம் அதே மின்னஞ்சலை நம்ப மாட்டார். இறந்துபோனவரின் பெயருக்கு நினைவூட்டல் போவது இன்னும் கொடுமை. அந்த வீட்டில் அதைத் திறப்பது மனைவியோ பிள்ளையோதான். ஷீட்டில் இதற்கு “நிறுத்து” என்றொரு நிரல் போதும், காசை வாங்கும் கையாலேயே அதை நிரப்பிவிடலாம். பிரெவோவில் பட்டியல் வேறு இடத்தில் இருப்பதால் இரண்டு தடவை பதிய வேண்டும், ஒன்று மறந்துபோகும். எனக்கு ஷீட் பிடித்ததற்கு முதல் காரணம் இதுதான். ஆயிரத்தைத் தாண்டிய பட்டியல், இரண்டு மூன்று பேர் வேலை செய்யும் அலுவலகம் என்றால் பிரெவோவுக்குப் போகச் சொல்வேன்.

பழைய கடிதங்கள் யூனிகோட் அல்லாத பாமினி எழுத்துருவில் இருந்தால் அப்படியே ஒட்ட வேண்டாம். போனில் அது வெறும் ஆங்கில எழுத்துக் கோவையாகத் தெரியும். யூனிகோடில் புதிதாக அடியுங்கள்.

சரி, மின்னஞ்சலே பார்க்காதவர்கள்? வாவிக்குக் கிழக்கே, எழுவான்கரையில் ஆசிரியர்கள், வங்கியில் வேலை செய்பவர்கள் பார்ப்பார்கள். கட்டாரில் இருக்கும் மகன் அப்பாவின் மோட்டார் சைக்கிளுக்கு அங்கிருந்தே கட்டுவார். வாவிக்கு மேற்கே கொக்கட்டிச்சோலை, வவுணதீவுப் பக்கம் வெள்ளாமை செய்பவர்களுக்கு எஸ்எம்எஸ்தான். அதில் தமிழ் கொஞ்சம் செலவு வைக்கும்: ஒரு குறுஞ்செய்திக்கு 70 குறியீடுகள்தான், “காப்புறுதி” என்ற ஒரு சொல்லே 10 எடுக்கும். வாகன இலக்கம், திகதி, எங்கள் போன் நம்பர், அவ்வளவோடு நிறுத்துவோம். வட்ஸ்அப் புரோட்காஸ்ட் எங்கள் நம்பரைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே போகும் என்பதால் அதை நம்பியிருக்க முடியாது.

டிராக்டர் வைத்திருப்பவர்களுக்கு இப்போது ஷீட்டில் இன்னொரு நிரல் சேர்த்திருக்கிறேன். டிசம்பரில் திகதி முடிகிறவரின் காசு அப்போது வயலில் கிடக்கும், பெரும்போக அறுவடைக்குப் பிறகுதான் கையில் வரும். அவர்களுக்கு முதல் செய்தி சிறுபோக அறுவடை முடிந்ததும், செப்டெம்பரிலேயே போகிறது.